ஓநாய் மனிதரும் உளமருத்துவத்தின் நெடும்பயனும்

'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனை இயற்றுபவன் என நான்கு கூறுடையது மருத்துவம் என்று வள்ளுவர் வகுத்தார். அந்நான்கினையும் பரிமேலழகர் மேலும் நந்நான்காக விரித்தார். நோயுற்றவனுக்கு வேண்டியன கூறப் புகுந்தவர் பொருளுடைமையை முதற்கண் வைத்தார். அருகிருப்பவனுக்கு வேண்டியவற்றுள் நோயாளியிடத்து அன்புடைமையை முதற்கண் வைத்தார். உடல்நோயை எண்ணி எழுந்த இப்பகுப்பு உள்ளத்து நோய்க்கும் செல்லுமோ என்று ஐயுறுவார் உளர். அவர்கள் ஐரோப்பிய உளநூல் வரலாற்றில் பெரிதும் பேசப்பட்ட நோயாளி ஒருவரின் கதையை எடுத்துப் பார்த்தல் தகும். அவரைப் பற்றி அறிஞர் எழுதிய நூல்களுள் முதன்மையானவை தீர்ப்பவனையும் மருந்தையுமே பேசுகின்றன. அவருடைய வாழ்க்கையை முடிவு செய்தனவோ பெரும்பாலும் எஞ்சிய இரண்டு கூறுகளுமே.

அந்நோயாளி செர்கெய் பங்கேயெவ் என்னும் உருசிய நாட்டுச் செல்வர். உலகம் அவரை 'ஓநாய் மனிதர்' என்றே அறியும். அவரைப் பற்றிய நூல்கள் மூன்று முதன்மையானவை. முதலாவது, சிக்மண்டு பிராய்டு 1918-ஆம் ஆண்டில் வெளியிட்ட குழந்தைப் பருவ நரம்புநோய் ஒன்றின் வரலாறு. இரண்டாவது, மூரியல் கார்டினர் என்னும் அமெரிக்கப் பெண்மணி தொகுத்து 1971-இல் வெளியிட்டது. பங்கேயெவ் தாமே எழுதிய நினைவுகள் அதில் உள்ளன. மூன்றாவது, காரின் ஒப்ஹோல்சர் என்னும் ஆஸ்திரியச் செய்தியாளர் முதியவரான பங்கேயெவுடன் நிகழ்த்திய உரையாடல். அது 1980-இல் செருமன் மொழியில் வெளிவந்தது. மூன்றையும் ஒருசேர வைத்துப் படிப்பவர்க்கு முதலில் எழுவது வியப்பு. ஒரே மனிதர் ஒரு நூலில் நலம் பெற்றவராகவும், மற்றொன்றில் ஓரளவு நலம் பெற்றவராகவும், பிறிதொன்றில் நலமே பெறாதவராகவும் தோன்றுகின்றார்.

பங்கேயெவின் குடும்பத்தில் துயரம் முன்னரே குடியேறியிருந்தது. 1906-இல் அவருடைய தமக்கை அன்னா நஞ்சுண்டு இறந்தார். சில ஆண்டுகளில் தந்தையும் உறக்க மருந்தை மிகுதியாக உட்கொண்டு மாண்டார். மனச்சோர்வுற்ற இளைஞர் மியூனிக்கு நகரத்துக் கிரேப்பலின், பெர்லின் நகரத்துச் சீஹென் எனப் பேர்பெற்ற மருத்துவர்களை நாடினார், பயனில்லை. 1910-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒடெசா நகரத்து மருத்துவர் ஒருவர் துணைவர, சுவிட்சர்லாந்து செல்லும் வழியில் வியன்னாவில் தங்கினார். அங்கே பிராய்டைக் கண்டதும் பயணம் அவ்வூரோடு நின்றது. அப்போது அவர் பிறர் துணையின்றி எதுவும் செய்ய இயலாத நிலையினர் எனப் பிராய்டு குறித்துள்ளார். மருத்துவம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது.

நான்கு வயதளவில் கண்ட கனவொன்றைப் பங்கேயெவ் உரைத்தார். இரவில் பலகணி தானே திறக்கிறது. வெளியே அக்ரூட் மரக்கிளையில் வெண்ணிற ஓநாய்கள் ஆறேழு அசையாது அமர்ந்து குழந்தையையே நோக்குகின்றன. இக்கனவிலிருந்து பிராய்டு ஒரு பெருங்கட்டடம் எழுப்பினார். ஒன்றரை வயதுக் குழந்தை பெற்றோரின் கூடலைக் கண்டதென்றும், அக்காட்சியே கனவாக உருமாறி நோய்க்கு வேரானதென்றும் அவர் முடிவு கட்டினார். துப்பறியும் கதையினும் விறுவிறுப்பாக இப்பகுதி எழுதப்பட்டுள்ளது. பிராய்டின் உரைநடைத் திறத்தை அறிய விரும்புவோர் இதனைப் படிக்கலாம்.

ஆயினும் இந்நூல் எதைச் சொல்லவில்லை என்பதையும் நோக்கவேண்டும். குழந்தைப் பருவத்து நோயை மட்டுமே எழுதப்போவதாகப் பிராய்டு தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொள்கிறார். அவ்வமயம் யுங், ஆட்லர் ஆகியோர் அவரைவிட்டுப் பிரிந்திருந்தனர். அவர்களுடைய கொள்கையை மறுக்கவே நோய்வரலாறு ஆயுதமாயிற்று. ஆதலின் வளர்ந்த மனிதராகிய பங்கேயெவின் வாழ்க்கை இந்நூலில் மிகச் சிறிதே இடம்பெறுகிறது. கிரேப்பலினின் மருத்துவ இல்லத்தில் செவிலியாயிருந்த தெரேசாவை அவர் காதலித்ததும், நான்காண்டு மருத்துவத்துக்குரிய செலவை அவருடைய நிலபுலங்களே தாங்கியதும் அதில் விரித்துரைக்கப்படவில்லை. நோயின் வேரைத் தேடிய ஆசிரியர், மரம் நின்ற நிலத்தைப் பார்க்கவில்லை.

மருத்துவம் முடிந்த முறையும் கருதத்தக்கது. நோயாளி பணிவோடு கேட்பார். ஆனால் எதுவும் அவரைத் தீண்டாது. இந்நிலை நீடிக்கவே, குறித்த நாளில் மருத்துவத்தை முடித்துவிடுவதாகப் பிராய்டு அறிவித்தார். கெடு நெருங்க நெருங்கப் பூட்டிக் கிடந்த நினைவுகள் வெளிப்பட்டன என்பது அவர் கூற்று. 1914-ஆம் ஆண்டு கோடையில், சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்ட சில கிழமைகளுக்குள், பங்கேயெவ் நலம்பெற்றவராக விடைபெற்றார். அன்றே கணக்கை முடித்திருந்தால் உளப்பகுப்பு மருத்துவத்துக்கு முழு வெற்றி.

அதன்பின் வந்தது முதல் உலகப் போர். அதனைத் தொடர்ந்து உருசியப் புரட்சி. பங்கேயெவ் தெரேசாவை மணந்தார். சட்டம் பயின்று தேறினார். பின்பு சொத்து முழுவதையும் இழந்தார். 1919-இல் வியன்னா திரும்பியபோது அவர் ஏதிலி. எஞ்சிய சிறுகுறைகளைத் தீர்ப்பதற்கெனப் பிராய்டு அவரைச் சில திங்கள் மீண்டும் மருத்துவத்துக்கு உட்படுத்தினார், கட்டணம் பெறவில்லை. அதற்குமேலும் ஆறாண்டுகள் தம் நண்பர்களிடமும் மாணவர்களிடமும் பணம் திரட்டி அவருக்கு அளித்துவந்தார். வாடகைக்கும் மனைவியின் மருத்துவச் செலவுக்கும் அப்பணம் உதவியது. உளப்பகுப்பு நூல்கள் மருத்துவனுக்கு விதிக்கும் விலகிநிற்றல் என்னும் ஒழுக்கத்தை, அந்நூல்களின் ஆசிரியரே இங்குக் கைவிட்டார். மனிதத் தன்மையால் செய்த அச்செயலைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் அதன் விளைவைக் கணக்கில் கொள்ளாது மருத்துவத்தின் பயனை மதிப்பிடுதல் இயலாது.

விளைவு விரைவில் வெளிப்பட்டது. 1922-இல் உருசியாவிலிருந்து குடும்ப நகைகள் சில பங்கேயெவ் கைக்கு வந்தன. அச்செய்தியை அவர் பிராய்டிடம் மறைத்தார். அறிந்தால் உதவி நின்றுவிடும் என்னும் அச்சமே காரணம். மறுஆண்டு பிராய்டின் தாடையில் புற்றுநோய்க்காக அறுவை செய்யப்பட்டது. உருமாறிய அம்முகம் கண்டு பங்கேயெவ் அதிர்ந்தார். 1926-இல் தம் மூக்கு தீராத சிதைவுற்றது என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. தெருவில் நடக்கும்போதும் சிறு கண்ணாடியை எடுத்தெடுத்து மூக்கைப் பார்த்தார். பிராய்டு அவரைத் தம் மாணவி ரூத் மாக் பிரன்சுவிக்கிடம் அனுப்பினார். அவ்வம்மையார் நான்கைந்து திங்களில் அப்பித்தைத் தணித்து, 1928-இல் அதனைக் கட்டுரையாக எழுதினார். நகைகள் மறைக்கப்பட்ட செய்தி அதில்தான் வெளிவருகிறது. 'பிராய்டுக்கு மிகவும் வேண்டிய நோயாளி' என்று தம்மைப்பற்றிப் பங்கேயெவ் கொண்டிருந்த எண்ணத்தைத் தகர்ப்பதே பிரன்சுவிக்கின் முதற்பணியாயிற்று. அவ்வெண்ணம் எங்கிருந்து பிறந்தது? ஆண்டுதோறும் வந்த பணமும், அவரைக்கொண்டே புகழ்பெற்ற நூலும் அல்லவா அதனை ஊட்டி வளர்த்தவை! தீர்த்தவர் கொடுத்த ஆதரவே புதிய பிணிக்கு உரமாயிற்று என்பது அக்கட்டுரையைக் கூர்ந்து படிப்பார்க்குப் புலனாகும். பிரன்சுவிக் அவ்வளவு தூரம் சொல்லத் துணியவில்லை. அவர்தாமும் அக்காலத்தில் பிராய்டிடம் உளப்பகுப்புக்கு உட்பட்டிருந்தவர் என்பதை நினைவிற்கொண்டால் அத்தயக்கம் விளங்கும்.

பிராய்டோ இதனை ஓரளவு உணர்ந்தவர். 1923-இல் தம் நூலுக்குச் சேர்த்த அடிக்குறிப்பில், நாடும் பொருளும் சுற்றமும் இழந்த நிலையிலும் நோயாளி நலமாகவே இருப்பதாக எழுதினார். அவருடைய குற்றவுணர்வுக்கு அத்துன்பமே தீனியாகி, நலத்தை உறுதிப்படுத்தியிருக்கலாம் என்றும் சேர்த்தார். இது நுண்ணிய கருத்து. ஆனால் எதையும் தன் கொள்கைக்குள் அடக்கிக்கொள்ளும் கருத்து. செல்வம் இருந்தபோது நலம் பெற்றால் மருத்துவத்தின் வெற்றி; செல்வம் போனபின் நலமாயிருந்தால் அதற்கும் குற்றவுணர்வு என்னும் விளக்கம். எவ்வகை நிகழ்ச்சி நேர்ந்திருந்தால் கொள்கை தவறெனப்படும் என்னும் வினாவுக்கு அங்கு இடமில்லை. எனினும், முடிவுள்ள பகுப்பு, முடிவற்ற பகுப்பு என்பன பற்றி 1937-இல் வரைந்த கட்டுரையில் முதியவரான பிராய்டு நேர்மையோடு பேசுகிறார். நோயாளி நிலையாக நலமுற்றார் என 1914-இல் தாம் எண்ணியது பிழை என்று அவர் ஒப்புக்கொள்கிறார். கெடு விதிக்கும் முறை சில நினைவுகளை வெளிக்கொணருமேனும் வேறுசிலவற்றைப் புதைத்துவிடும் என்கிறார். தம் வெற்றியைத் தாமே திருத்தி எழுதும் ஆசிரியர் அரியர். அவ்வகையில் அச்சிறு கட்டுரை, 1918-இன் பெருநூலைவிட மேலானது.

அடுத்த ஆண்டே பேரிடி விழுந்தது. 1938 மார்ச்சுத் திங்களில் இட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. அத்திங்களின் இறுதியில் தெரேசா தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். 'ஏன் இப்படி நேர்ந்தது?' என்னும் கேள்வி பங்கேயெவை விடாது வாட்டியது. அவரைக் காப்பாற்றியவர் கார்டினர் அம்மையார். முன்னர் அவரிடம் உருசிய மொழி கற்றவர் அவ்வம்மையார்; நாசிகளுக்கு எதிராக இயங்கியவர்களுக்கு மறைவாக உதவிவந்தவர். அவர் முயன்று நுழைவுச்சீட்டுப் பெற்றுத் தர, பங்கேயெவ் பாரிசுக்கும் இலண்டனுக்கும் சென்று பிரன்சுவிக்கிடம் மீண்டும் ஆறுதல் பெற்றார். பின்பு வியன்னா திரும்பித் தாம் பார்த்துவந்த காப்புறுதி நிறுவன வேலையில் அமர்ந்தார். 1950-இல் ஓய்வு பெறும்வரை அவ்வேலை அவரை விடவில்லை. அவரும் அதனை விடவில்லை.

இவ்வேலையைப் பற்றி மூன்று நூல்களும் விரைந்து கடந்துவிடுகின்றன. ஏறத்தாழ முப்பதாண்டுகள் நாள்தோறும் குறித்த நேரத்துக்குச் சென்று, கோப்புகளைப் பார்த்து, மாதம் முடிந்ததும் ஊதியம் பெற்றவர், 1910-இல் பிறர் கைப்பிடித்து வந்த அதே மனிதர்தாம். செல்வராகவே இருந்திருந்தால் வேலைக்குச் சென்றிருக்கமாட்டார். வறுமை அவருக்கு இழப்பாயினும் அன்றாட ஒழுங்கு ஒன்றை அது கட்டாயமாக்கியது. இதனைக் குற்றவுணர்வின் தீனி என்பதைவிட, உழைப்பின் பயன் என்பது நேரிய விளக்கமாகும். பரிமேலழகர் முதலில் வைத்த பொருளுடைமை இங்கு இருவகையாலும் வேலைசெய்தது. அது இருந்தமையால் மருத்துவம் கிட்டியது. அது போனமையால் தொழில் கிட்டியது.

போருக்குப்பின் கார்டினர் உணவுப் பொதிகள் அனுப்பினார்; கடிதம் எழுதினார்; நினைவுகளை எழுதுமாறு தூண்டினார். 1951-இல் நிகழ்ந்தது ஒன்று இத்துணையின் பெறுமதியைக் காட்டும். ஓவியம் தீட்டும் ஆர்வத்தில் தன்னையறியாது சோவியத்துப் படையின் காவலுக்குட்பட்ட பகுதியுள் நுழைந்த பங்கேயெவ், ஒற்றரென ஐயுறப்பட்டுச் சில நாள் சிறைவைக்கப்பட்டார். விடுவித்தபோது, தம் ஓவியங்களுடன் மீண்டும் வருமாறு பணித்தனர். பல நாள் அஞ்சி நடுங்கியவர், சொன்னபடியே சென்றார். அதிகாரி ஓவியங்களைப் பார்த்து அனுப்பிவிட்டார். மனநோயாளி எனப் பெயர்பெற்ற ஒருவர் அவ்வச்சத்தைத் தாங்கி நின்றார் என்பது சிறு செய்தியன்று.

கார்டினரின் முடிவு இதுவே: பிராய்டின் மருத்துவம் அவரை முடமான வாழ்விலிருந்து மீட்டது, பிரன்சுவிக்கின் மருத்துவம் பெருநெருக்கடியொன்றைக் கடக்கச் செய்தது, இரண்டும் சேர்ந்து நெடிய, ஓரளவு நலமான வாழ்வைத் தந்தன. அன்பின் வழிப்பட்ட முடிவு இது. ஆனால் கணக்கில் ஓர் இடைவெளி உண்டு. கார்டினர் தம்மைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அவருடைய நட்பை நீக்கிவிட்டால், பிராய்டின் மருத்துவம் தனித்து நின்று என்ன பயன் தந்திருக்கும் என்பதை யாரும் அறியமுடியாது. அவருடைய தன்னடக்கமே அவர் நூலின் சான்றுமதிப்பைக் குறைத்துவிட்டது.

ஒப்ஹோல்சரின் நூலில் வேறொரு பங்கேயெவ் பேசுகிறார். ஓநாய்க் கனவுக்குப் பிராய்டு தந்த விளக்கம் வெகுதொலைவிலிருந்து இழுத்துவரப்பட்டது என்கிறார். உருசியச் செல்வர் வீட்டில் குழந்தை தாதியின் அறையில் உறங்குமேயன்றிப் பெற்றோர் அறையில் உறங்காது என்று அடிப்படையையே அசைக்கிறார். 1919-இல் ஒடெசா சென்று சொத்தை மீட்க எண்ணியபோது, அது மருத்துவத்துக்கு மனம் காட்டும் எதிர்ப்பு எனக்கொண்டு பிராய்டு தடுத்துவிட்டார் என்பது அவருடைய ஆறாக் குறை. பிராய்டிடம் வந்த நாளில் இருந்த நிலையே இன்றும் என்கிறார். தம் மறைவுக்குப்பின்பே இவற்றை வெளியிடவேண்டும் எனக் கேட்டுக்கொண்டார். ஏனெனில் அக்காலத்தும் பிராய்டு ஆவணக்காப்பகத்தின் ஐஸ்லர் வழியாக அவருக்குத் திங்கள்தோறும் பணம் வந்துகொண்டிருந்தது. 1922-இல் நகைகளை மறைத்தவரும், 1970-களில் தம் கருத்தை மறைத்தவரும் ஒருவரே, காரணமும் ஒன்றே.

இந்நூல் வெளிவந்தபோது, உளப்பகுப்பை வெறுப்பவர்கள் இதுவே உண்மை வாக்குமூலம் எனக் கொண்டாடினர். அவ்வாறு கொள்வதற்கும் தடையுண்டு. கார்டினருக்கு நன்றியுள்ள நோயாளியாகவும், ஐஸ்லருக்குக் கிடைத்தற்கரிய ஆவணமாகவும், கேள்வி கேட்க வந்த இளம் செய்தியாளருக்கு ஏமாற்றப்பட்ட முதியவராகவும் பங்கேயெவ் தோன்றுகிறார். கேட்பவர் விரும்புவதைக் கொடுத்து அவர் அன்பைப் பெறுதல் அவருடைய இயல்பு. தொண்ணூறை நெருங்கிய தனியர் ஒருவரின் கசப்பை, அறுபதாண்டு வாழ்வின் தீர்ப்பாகக் கொள்ளுதல் முறையன்று. நாடகத்து மாந்தர் ஒருவர் கூற்றையே நாடகத்தின் கருத்தாக மாணவர் எழுதினால் ஆசிரியர் திருத்துவார் அன்றோ? இங்கும் அத்திருத்தம் வேண்டும்.

ஒரு நோயாளியின் கதையால் பொதுவிதி பிறவாது. பலரை ஒருங்கு வைத்து எண்ணும் ஆய்வுகள் பின்னர் எழுந்தன. 1952-இல் ஆன்சு ஐசென்கு, நரம்புநோயாளருள் மூன்றில் இரு பங்கினர் மருத்துவம் பெறினும் பெறாவிடினும் இரண்டாண்டுகளில் தேறிவிடுவர் என எழுதிப் பெரும்பூசலை எழுப்பினார். அவர் எண்ணிய முறை பலரால் மறுக்கப்பட்டது. 1977-இல் சுமித்து, கிளாசு என்போர் 375 ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவம் பெற்ற சராசரி மனிதர் பெறாதவருள் நூற்றுக்கு 75 பேரைவிட மேலான நிலையில் உள்ளார் எனவும், மருத்துவ முறைகளுக்கிடையே வேறுபாடு சிறிதே எனவும் கண்டனர். 1979-இல் எட்வர்டு போர்டின், மருத்துவரும் நோயாளியும் குறிக்கோளிலும் செயலிலும் உடன்பட்டு, ஒருவர்மேல் ஒருவர் பற்றுக்கொள்ளும் கூட்டுறவே எம்முறைக்கும் அடிப்படை என விளக்கினார். பின்வந்த ஆய்வுகளும் அக்கூட்டுறவுக்கும் பயனுக்கும் தொடர்புண்டு எனக் காட்டின. அவ்வாய்வுகளிற் பல மருத்துவம் முடிந்த சில திங்கள் அல்லது ஓரிரு ஆண்டுகள் வரையே நோயாளியைப் பின்தொடர்கின்றன. அறுபது ஆண்டுகள் பின்தொடரப்பட்டவர் பங்கேயெவ் போல் ஒருவரோ இருவரோ. தம் வரலாற்றைத் தொடர்ந்து ஆராய்வதற்குத் தாமே முன்வந்து ஒத்துழைத்த தனித்தன்மை இவருடையது எனக் கார்டினர் நூலின் முன்னுரையில் அன்னா பிராய்டு குறிப்பிட்டது இதனாலேயே.

ஆனால் அவ்வாறு பின்தொடர்தலே அவருடைய நிலையை மாற்றிவிட்டது என்பதை முன்னுரை காணவில்லை. ஓநாய் மனிதர் என்னும் பெயர் அவருக்கு வருவாயும் மதிப்பும் தந்தது. கனவில் கண்ட மரத்தையும் ஓநாய்களையும் மீண்டும் மீண்டும் ஓவியமாகத் தீட்டினார். உளப்பகுப்பாளர்கள் வாங்கிச் சென்றனர். 1964-இல் தீட்டிய ஒன்று இலண்டனில் பிராய்டு வாழ்ந்த வீட்டில் உள்ளது. நலம் பெற்று நோயை மறந்துவிட்டால், அப்பெயரையும் அதனோடு வரும் துணையையும் இழக்கவேண்டும். நோயாளிக்கு இத்தகைய விலை விதித்துவிட்டு, அவர் ஏன் முழுநலம் பெறவில்லை என்று வினவுவது பொருந்தாது.

எஞ்சியிருப்பது வள்ளுவர் சொன்ன நான்காம் கூறு. இருபத்து நான்கு ஆண்டுகள் மனைவியாக உடனிருந்தவர் தெரேசா. சொத்துப் போனதையும், மூக்கைப் பற்றிய பித்தையும், பிராய்டு திரட்டிய பணத்தில் நடந்த குடித்தனத்தையும் அவர் உடனிருந்து கண்டார். தொழிலால் அவர் செவிலி. மூன்று நூல்களிலும் அவர் வருவது பெரும்பாலும் கணவரின் நினைவு வழியாகவே. எந்த ஆண்டில் கணவர் தேறினார், எந்த ஆண்டில் தளர்ந்தார், எது அவரைத் தேற்றியது என்று தெரேசாவை உட்காரவைத்துக் கேட்டு எழுதிய பக்கம் ஒன்றும் அந்நூல்களில் இல்லை.